கிளிப் விளக்கு எரியாமலே கருகிய யூனிட்டுகள்: ஒரு பாரத விழாவின் ஒலி அமைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காட்டில், திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழா அளவுக்கு ஓர் ஒலி அமைப்பைச் சோதிக்கும் நிகழ்ச்சி வேறு இல்லை என்பது என் கருத்து. பிற்பகலில் ஒருவர் அமர்ந்து மகாபாரதப் பிரசங்கம் செய்கிறார். இரவில் அதே கருவிகளைக் கொண்டு கட்டைக்கூத்து நடக்கிறது. பிரசங்கியாரின் வாய்க்கு மிக அருகில் மைக் இருக்கும். கூத்தில் மைக்குகள் நடிகர்களின் தலைக்கு மேலே கயிற்றில் தொங்கும். திரைக்குப் பின்னாலிருந்து அடங்கிய குரலில் விருத்தம் பாடத் தொடங்கும் வேடக்காரர், திரை விலகியதும் முழுக் குரலில் முன்னால் வருவார். துரியோதனன் படுகளமும் தீமிதியும் முடியும் வரை இந்த இரண்டு வகை நிகழ்ச்சிகளும் நாள்தோறும் மாறி மாறி நடக்கும்.

குடியாத்தம் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த இத்தகைய விழாவில், முதல் சில நாள்களுக்குள்ளேயே இரண்டு பாக்ஸ்களின் மேல்யூனிட்டுகள், அதாவது உயர் அதிர்வெண்களை ஒலிக்கும் சிறு ஒலிபெருக்கிகள், கருகிப் போயின. புதிய டயாஃப்ரம்களை (யூனிட்டுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடுகளை) வேலூரிலிருந்து வாங்கிப் பொருத்திய பிறகு அவற்றில் ஒன்று மறுபடியும் போயிற்று. அந்த மைக் செட்டின் உரிமையாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் அமைப்பு முழுவதையும் அளந்து பார்த்தபோது தெரியவந்தவற்றையும், செய்த மாற்றங்களையும் இங்கே பதிவு செய்கிறேன். ஆம்ப்ளிஃபயர் போதவில்லை என்று முடிவு கட்டிப் பெரியது வாங்கும் வழக்கம் நம் பகுதியில் வேரூன்றியிருப்பதால், இந்த ஒரு நிகழ்வின் கணக்கை முழுமையாக எழுதுவது பிறருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

அமைப்பும் புகார்களும்

கருவிகள் எளிமையானவை. பன்னிரண்டு சேனல் அனலாக் மிக்சர், அதன் பின் ஒலியை அதிர்வெண் வாரியாகக் கூட்டிக் குறைக்கும், 31 பட்டைகள் கொண்ட கிராஃபிக் ஈக்வலைசர், அதன் பின் ஓர் ஆம்ப்ளிஃபயர், மேடையின் இரு பக்கமும் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாக்ஸ்கள். ஒவ்வொரு பாக்ஸும் 8 ஓம். தொடர்ந்து தாங்கும் திறன் 400 வாட். உள்ளே ஒரு 15 அங்குல வூஃபரும் ஹாரனுடன் கூடிய ஒரு மேல்யூனிட்டும், இரண்டுக்கும் நடுவே கீழ், மேல் அதிர்வெண்களைப் பிரித்து அனுப்பும் ஒரு கிராஸ்ஓவரும் பாக்ஸுக்குள்ளேயே இருந்தன. பக்கத்துக்கு இரண்டு பாக்ஸ்கள் இணையாகச் சேர்வதால் ஆம்ப்ளிஃபயரின் ஒவ்வொரு சேனலுக்கும் 4 ஓம் சுமை. அந்தச் சுமையில் சேனலுக்கு 800 வாட் என்பது அதன் குறிப்பு. அதாவது வெளியீட்டில் 56.6 வோல்ட். இந்த முழு அளவை எட்ட உள்ளீட்டில் 0.775 வோல்ட் போதும் என்றும் பின்பக்கத் தகட்டில் அச்சிடப்பட்டிருந்தது. 0.775 வோல்ட்டைத்தான் ஒலித் துறையில் 0 டிபியு என்கிறோம். ஆகவே குமிழை முழுதாகத் திறந்து வைத்தால் இந்த ஆம்ப்ளிஃபயர் வந்த சிக்னலை 73 மடங்கு, அதாவது சுமார் 37 டெசிபல் பெருக்குகிறது.

புகார்கள் மூன்று. பிற்பகல் பிரசங்கத்தின்போது பாக்ஸ்களிலிருந்து இடைவிடாமல் ஓர் இரைச்சல் வந்தது. பிரசங்கியார் மூச்சு வாங்கும் இடைவெளியில் அது நன்றாகக் கேட்டது. இரவில் மைக்குகள் ஊளையிட்டன. சத்தம் நிறைய இருந்தும் பின்வரிசையில் அமர்ந்தவர்களுக்குப் பாட்டின் சொற்கள் விளங்கவில்லை. விழாக் குழுவினர் இதைச் சத்தக் குறைவு என்று எடுத்துக்கொண்டு மேலும் ஏற்றச் சொன்னார்கள். இவற்றோடு யூனிட் கருகல். "ஆம்ப் பத்தலண்ணா. கிளிப் லைட்டே எரியல, மிக்சர்லயும் செவப்பு வரல, ஆனா யூனிட் மட்டும் போயிடுது" என்றார் உரிமையாளர். கிளிப் என்பது, ஒரு கருவியால் கடத்த முடிந்ததைவிடப் பெரிய சிக்னல் வந்து அதன் உச்சம் வெட்டுப்படுவது. அவர் கவனித்தது அத்தனையும் சரி. ஆம்ப்ளிஃபயரின் கிளிப் விளக்கு எரியவில்லை. மிக்சரின் மீட்டர் மஞ்சளைத் தாண்டவில்லை. கவனித்தது சரியாக இருந்தும் முடிவு தவறாகிப் போனதற்குக் காரணம், அந்த இரண்டு விளக்குகளுக்கும் நடுவே யாரும் பார்க்காத ஒரு கருவி இருந்ததுதான்.

கருகிய யூனிட் சொன்ன செய்தி

அளவுகருவியைக் கையிலெடுப்பதற்கு முன் பழுதான டயாஃப்ரத்தைப் பார்ப்பது நல்லது. ஒரு யூனிட் இரண்டு வழிகளில் சாகும். அதன் எல்லைக்கு மீறிய கீழ் அதிர்வெண்கள் உள்ளே நுழைந்தாலோ, மைக் தரையில் விழுவது போன்ற திடீர் அடி வந்தாலோ, டயாஃப்ரம் அளவுக்கு மீறி அசைந்து கிழியும். அல்லது டயாஃப்ரத்தை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலுக்குச் செல்லும் மெல்லிய கம்பி அறும். அப்போது காயில் பளபளப்பு மாறாமல் இருக்கும். மற்றது வெப்பத்தால் வரும் சாவு: காயிலின் வார்னிஷ் கருத்து, சுற்றுகள் தளர்ந்து, காயில் சுற்றப்பட்ட உருளை பழுப்பேறி, மூடியைத் திறந்த உடனே தீய்ந்த வாடை அடிக்கும். இங்கே கழற்றி வைத்திருந்த டயாஃப்ரம்கள் எல்லாம் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றைக் கொன்றது ஏதோ ஒரு கணத்தின் பெரிய அடி அல்ல. நெடுநேரம் தொடர்ந்து பாய்ந்த சராசரி மின்திறன். இது தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அளந்த முறை

ஒவ்வொரு கருவியும் எந்த அளவு வரை சிக்னலைச் சிதைக்காமல் கடத்துகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஆஸிலோஸ்கோப் இருந்தால் எளிது. அது இல்லாத ஊர்ப்புறத்தில் ஒரு மல்டிமீட்டரும், ரேடியோ கடையில் கிடைக்கும் ஒரு பீசோ ட்விட்டரும், தொனி எழுப்பும் ஒரு கைப்பேசியும் போதும். பாக்ஸ்களைக் கழற்றிவிட்டு 400 ஹெர்ட்ஸ் தொனியை மிக்சரில் கொடுத்து, அளக்க வேண்டிய கருவியின் வெளியீட்டில் பீசோவை இணைக்க வேண்டும். பீசோவால் 400 ஹெர்ட்ஸை ஒலிக்க இயலாது என்பதால் அது ஏறக்குறைய மௌனமாக இருக்கும். அளவைக் கூட்டிக்கொண்டே போகையில், கருவி கிளிப் ஆகத் தொடங்கும் அந்தப் புள்ளியில் அலையின் தலை தட்டையாகி, 1200, 2000, 2800 ஹெர்ட்ஸ் என்று மடங்குகள் பிறந்து, பீசோ திடீரென்று கீச்சிடும். ஒரு சிறிது பின்வாங்கி, எக்ஸ்எல்ஆர் இணைப்பின் இரண்டாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே வோல்ட்டை அளந்தால் அந்தக் கருவியின் உச்சவரம்பு கிடைத்துவிடும். 1000 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 400-ஐத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், சாதாரண மல்டிமீட்டர்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அளப்பதற்காகச் செய்யப்பட்டவை. சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் பலவற்றின் கணக்கு தவறத் தொடங்கும். பீசோவை மிக்சர், ஈக்வலைசர் போன்ற சிறிய வோல்ட் கருவிகளில் மட்டுமே இணைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் நேராக இணைத்தால் அது தாங்காது.

கிடைத்த எண்கள் இவை. மிக்சரின் வெளியீடு 9.8 வோல்ட் வரை, அதாவது +22 டிபியு வரை தூய்மையாக வந்தது. அதன் மீட்டரில் 0 என்பது +4 டிபியு, 1.23 வோல்ட். ஈக்வலைசர் 6.2 வோல்ட்டிலேயே, அதாவது +18 டிபியுவிலேயே கிளிப் ஆயிற்று. மிக்சர் கொடுக்க வல்லதை ஈக்வலைசரால் முழுதாக வாங்கிக்கொள்ள முடியாது. நடுவில் 4 டெசிபல் பள்ளம். மிக்சரின் மீட்டரில் +14 என்று காட்டும்போதே ஈக்வலைசர் நிறைந்துவிடுகிறது, அதுவும் அதன் பட்டைகள் எல்லாம் நடுவில் நிற்கும்போது.

ஆனால் பட்டைகள் நடுவில் நிற்கவில்லை. கீழ்ப்பட்டைகளும் மேல்பட்டைகளும் 9 டெசிபல் வரை ஏற்றப்பட்டு, நடுப்பட்டைகள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தன. கல்யாண வரவேற்புகளில் பாட்டுப் போடுவதற்கு வைத்திருந்த அமைப்பு அப்படியே கோயிலுக்கு வந்துவிட்டது. ஈக்வலைசரிலும் ஒரு கிளிப் விளக்கு உண்டு. ஊசித்தலை அளவே உள்ள அந்த விளக்கு, ரேக்கின் கீழ்த்தட்டில், தூசுக்காகப் போட்டிருந்த துணிக்குப் பின்னால் இருந்தது. இரவுக் கூத்தின்போது துணியை விலக்கிப் பார்த்தால் அது அணைவதே இல்லை.

இரவில் நடந்தது

கூத்து மைக்குகள் நடிகரின் வாயிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் தொங்கின. சாதாரண டைனமிக் மைக் 94 டெசிபல் ஒலிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் கொடுக்கும். பாடும் குரல் 1 மீட்டரில் 90 டெசிபல் என்றால் 2 மீட்டரில் 84. அதற்கு மைக் தருவது சுமார் 0.63 மில்லிவோல்ட், அதாவது −62 டிபியு. ஆபரேட்டர் அந்தச் சேனல்களில் கெயினை, அதாவது மைக் சிக்னலை மிக்சரின் நுழைவிலேயே பெருக்கும் குமிழை, 50 டெசிபல் அளவில் வைத்து, சேனல் ஃபேடரை (சேனலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகுமிழை) +10-க்கும், மொத்த வெளியீட்டுக்கான மாஸ்டரை +8-க்கும் ஏற்றியிருந்தார். மொத்தம் 68. ஆகவே மிக்சரிலிருந்து சராசரியாக +6 டிபியுவும், குரலின் உச்சங்களில் அதற்கு 12 டெசிபல் மேலாக +18 டிபியுவும் வெளியேறின. மீட்டரில் உச்சம் +14. மஞ்சள்தான், சிவப்பு இல்லை.

இந்த +18 ஈக்வலைசருக்குள் நுழைந்து, அங்கே கீழும் மேலும் 9 டெசிபல் ஏற்றம் பெற்று, +18-க்கு மேல் போக வழியில்லாமல் தட்டையாக வெட்டப்பட்டது. வெட்டப்பட்ட சிக்னல்தான் ஆம்ப்ளிஃபயருக்குச் சென்றது. ஊளையைக் குறைப்பதற்காக ஆம்ப்ளிஃபயரின் குமிழை இரவில் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். அளந்து பார்த்ததில் அது முழுத் திறப்பிலிருந்து 20 டெசிபல் கீழே நின்றது. அந்த நிலையில் ஆம்ப்ளிஃபயர் கிளிப் ஆக +20 டிபியு வேண்டும். ஈக்வலைசர் கொடுக்க முடிந்ததோ +18. ஆம்ப்ளிஃபயர் எந்தக் காலத்திலும் கிளிப் ஆகாது. அதன் விளக்கு எந்தக் காலத்திலும் எரியாது. முன்பே வெட்டுப்பட்டு வந்த அலையை அது தன் வரம்புக்கு 2 டெசிபல் கீழே நின்று, சிறிதும் மாற்றாமல் பெருக்கிப் பாக்ஸ்களுக்கு அனுப்பியது. ஆம்ப்ளிஃபயரின் கிளிப் விளக்கு அந்த ஆம்ப்ளிஃபயரைப் பற்றி மட்டுமே பேசும். தனக்கு முன்னால் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. இந்த ஒன்றை நம் பகுதியின் ஒவ்வொரு ஆபரேட்டரும் மனத்தில் இருத்த வேண்டும் என்று விரும்புகிறேன்.

இதனால் யூனிட் ஏன் கருக வேண்டும்? இந்த ஆம்ப்ளிஃபயரின் உச்ச வோல்ட் 80. கெடாத குரலும் மத்தளமும் வந்தால் உச்சத்துக்கும் சராசரிக்கும் நடுவே 12 டெசிபல் இடைவெளி இருக்கும். உச்சம் 80 வோல்ட்டைத் தொடும்போதுகூடச் சராசரி 20 வோல்ட். 8 ஓம் பாக்ஸுக்கு 50 வாட். இந்த விழாவில் பதிவு செய்து பார்த்தபோது ஈக்வலைசருக்குப் பின் அந்த இடைவெளி சுமார் 4 டெசிபலாகச் சுருங்கியிருந்தது. உச்சம் 63 வோல்ட்டை ஒட்டி நின்றாலும் சராசரி 40 வோல்ட் ஆகிவிட்டது. 40 வோல்ட் என்றால் பாக்ஸுக்கு 200 வாட். உச்சம் குறைந்திருந்தும் சராசரித் திறன் நான்கு மடங்கு. அதில் மேல்பட்டைகளை 9 டெசிபல் ஏற்றியதால் அந்தப் பகுதியின் திறன் மட்டும் எட்டு மடங்கு கூடியிருந்தது. வெட்டுப்பட்ட அலையில் பிறந்த மேல்மடங்குகளும் அதோடு சேர்ந்தன. அத்தனையும் கிராஸ்ஓவர் வழியாகப் போய்ச் சேர்ந்தது, பாக்ஸிலேயே மிகக் குறைந்த வெப்பம் தாங்கக்கூடிய அந்தச் சிறிய காயிலுக்குத்தான். விடிய விடிய இது நடந்தால் எந்த யூனிட்டும் நிற்காது.

மேலும் ஏற்றினால் மேலும் கேட்கும் என்ற நம்பிக்கையும் இந்த நிலையில் பொய்த்துவிடுகிறது. தாமிரத்தின் மின்தடை ஒரு பாகை செல்சியஸுக்குச் சுமார் 0.39 விழுக்காடு கூடும். காயில் 150 பாகை சூடேறினால் தடை ஏறத்தாழ 1.6 மடங்காகி, அதே வோல்ட்டுக்கு ஒலி 4 டெசிபல் வரை குறைகிறது. சித்திரை, வைகாசியில் வேலூர்ப் பக்கத்து வெயிலில் பகலெல்லாம் காய்ந்த பாக்ஸ், இரவில் ஆறுவதற்கும் நேரம் எடுத்துக்கொள்ளும்.

பிற்பகலில் நடந்தது

பிற்பகலின் தவறு இதற்கு நேர் எதிரானது. பிரசங்கியாரின் மைக் வாயிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருந்ததால் சுமார் −50 டிபியு கிடைத்தது; கூத்து மைக்கைவிட 12 டெசிபல் அதிகம். அப்போது ஆம்ப்ளிஃபயரின் குமிழ் முழுதாகத் திறந்திருந்தது. அந்த நிலையில் 0 டிபியு வந்தாலே அது நிறைந்துவிடும் என்பதால் மிக்சரை மிகக் கீழே ஓட்ட வேண்டியதாயிற்று. மீட்டர் −16-ஐத் தாண்டினால் சத்தம் மிகுந்துவிடும். மிக்சரின் +22 வரையிலான இடத்தில் பெரும்பகுதி பயன்படாமல் கிடக்க, மிக்சரும் ஈக்வலைசரும் இயல்பாகவே எழுப்பும் சிறு இரைச்சல் 73 மடங்கு பெருகிப் பாக்ஸுக்குப் போயிற்று. மேல்பட்டைகளின் 9 டெசிபல் ஏற்றம் அந்த இரைச்சலையே மேலும் தூக்கிக் கொடுத்தது. குரல் பெரிதாக இருக்கும் இடத்தில் மிக்சரைக் குறைத்து ஆம்ப்ளிஃபயரைக் கூட்டுவதும், குரல் சிறிதாக வரும் இடத்தில் ஆம்ப்ளிஃபயரைக் குறைத்து மிக்சரைக் கூட்டுவதும் என்று ஒரே நாளில் இரண்டு தவறுகளும் நடந்திருக்கின்றன. வேறுபாட்டைச் சரிசெய்ய வேண்டிய இடம் சேனலின் கெயின் குமிழ். அதை மட்டும் யாரும் தொடவில்லை.

ஆம்ப்ளிஃபயரின் முன்பக்கக் குமிழைத் திறன் கட்டுப்பாடு என்று நினைப்பதுதான் இவ்வளவுக்கும் வேர். அது உள்ளே வரும் சிக்னலின் அளவைக் குறைக்க மட்டுமே செய்கிறது. பாதியில் வைத்தாலும் கால்வாசியில் வைத்தாலும், உள்ளீட்டில் அதற்கேற்ப அதிக வோல்ட் கொடுத்தால் ஆம்ப்ளிஃபயர் தன் முழு 800 வாட்டையும் கொடுத்துவிடும். குமிழைக் குறைத்ததால் பாக்ஸ் பாதுகாப்பாக இருக்கிறது என்பது வெறும் ஆறுதல். குமிழை 20 டெசிபல் இறக்கிவிட்டு மிக்சரில் அதே 20-ஐ ஏற்றினால் ஊளையும் குறையாது. மைக்கிலிருந்து பாக்ஸ் வரையுள்ள மொத்தப் பெருக்கமே ஊளையை முடிவு செய்கிறது, அது எந்தக் கருவியில் நடக்கிறது என்பது அல்ல.

மாற்றி வைத்த விதம்

முதலில் ஈக்வலைசரின் பட்டைகள் எல்லாம் நடுவுக்கு வந்தன. அதன் பிறகு அமைப்பின் உச்சவரம்பு +18 டிபியு என்று வைத்துக்கொண்டோம். ஏனென்றால் வரிசையில் மிகக் குறைந்த வரம்பு அதுதான். ஈக்வலைசர் நிறையும் அதே கணத்தில் ஆம்ப்ளிஃபயரும் நிறைய வேண்டும். அதற்கு ஆம்ப்ளிஃபயரின் குமிழை முழுத் திறப்பிலிருந்து 18 டெசிபல் இறக்க வேண்டும். குமிழைச் சுற்றி 0 முதல் 10 வரை எண்கள்தான் இருந்தனவே தவிர டெசிபல் அளவு இல்லை. ஆகவே பாக்ஸ்களைக் கழற்றி, உள்ளீட்டில் சரியாக 0.775 வோல்ட் கொடுத்து, வெளியீட்டில் 56.6-க்குப் பதில் எட்டில் ஒரு பங்கான 7.1 வோல்ட் வரும் இடத்தில் குமிழை நிறுத்தினோம். இரண்டு சேனல்களிலும் அந்த இடம் ஒன்றாக இல்லை. எண்ணைப் பார்த்து வைத்திருந்தால் ஒரு பக்கம் உரக்கவும் மறுபக்கம் தாழ்ந்தும் ஒலித்திருக்கும். நிறுத்திய இடத்தில் குறியிட்டு, குமிழ்களின் மேல் டேப் ஒட்டப்பட்டது. விழா முடியும் வரை அதைத் தொடக் கூடாது என்பது உரிமையாளர் தம் ஆட்களுக்கு இட்ட கட்டளை.

பிறகு மிக்சர். மாஸ்டர் 0-இல். பிரசங்கத்துக்குச் சேனல் ஃபேடரும் 0-இல். கெயின் 54 டெசிபல். −50 டிபியு உள்ளே வந்து +4 டிபியு வெளியே போகிறது. மீட்டரின் சராசரி 0, உச்சம் +12. ஈக்வலைசருக்கு இன்னும் 2 டெசிபல் மீதம். கூத்துக்குக் கெயினை அதன் எல்லையான 60-க்கு ஏற்றி, மீதி 6-ஐ ஃபேடரில் கொடுக்க, அங்கேயும் அதே +4. பிற்பகலுக்கும் இரவுக்கும் ஆம்ப்ளிஃபயரும் மாஸ்டரும் ஈக்வலைசரும் அசைவதில்லை. மாறுவது சேனல்கள் மட்டுமே.

இங்கே ஒரு கணக்கை உரிமையாளருக்கு எழுதியே காட்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் சத்தத்தைக் குறைத்துவிட்டோம் என்று அவர் அஞ்சினார். முன்பு இரவில் மிக்சரின் சராசரி +6, ஆம்ப்ளிஃபயர் −20, கூட்டினால் −14. இப்போது +4, −18, அதுவும் −14. குரல் வாழும் நடுப்பட்டைகளில் முன்னிருந்த ஒலியில் ஒரு டெசிபல்கூடக் குறையவில்லை. போனதெல்லாம் ஏற்றி வைத்திருந்த கீழ்ப்பட்டை, மேல்பட்டை, வெட்டுப்பட்ட அலையின் பிசிறு ஆகியவை. பாக்ஸின் சராசரித் திறன் 200 வாட்டிலிருந்து 16 வாட்டுக்கு இறங்கியது. அந்த 16 வாட்டில் பாட்டின் சொற்கள் விளங்கின என்பதே முன்பு பாய்ந்த 200 வாட் எதற்குச் செலவாகியது என்பதற்கு விடை.

பிரசங்கத்தின் இரைச்சலும் அதே மாற்றத்தால் அடங்கியது. ஆம்ப்ளிஃபயர் 18 டெசிபல் இறங்கியதால் அதற்கு முந்தைய கருவிகளின் இரைச்சல் எட்டில் ஒரு பங்காயிற்று. மேல்பட்டைகளை இறக்கியது மிச்சத்தையும் குறைத்தது.

மைக்குகள்

பெருக்கத்தைச் சரியாகப் பங்கிட்டாலும் ஊளையின் எல்லை மாறாது என்று மேலே சொன்னேன். அதை மாற்ற மைக்குகளிடம்தான் போக வேண்டும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஊளைக்கு முன் கிடைக்கும் பெருக்கம் 3 டெசிபல் குறைகிறது. இந்த மேடையில் எட்டு மைக்குகள் இருந்தன. முகவீணை தானே ஊரைத் துளைக்கும் கருவி. அதற்குத் தனி மைக் எதற்கு? மிருதங்கம், டோலக், தாளம் ஆகியவற்றின் முன் இருந்தவையும் எடுக்கப்பட்டன. முன்மேடையில் இரண்டு தொங்கு மைக்குகள், திரைப் பக்கம் ஒன்று, பின்பாட்டுக்கும் ஆர்மோனியத்துக்கும் பொதுவாக ஒன்று என நான்கு மிஞ்சின. இதில் 3 டெசிபல் கிடைத்தது. தொங்கு மைக்குகளை வாயிலிருந்து 1.4 மீட்டருக்கு இறக்கியதில் இன்னொரு 3 டெசிபல் கிடைக்க, அதே அளவுக்கு ஃபேடர்கள் +3-க்கு இறங்கின. இதற்கும் கீழே இறக்க முடியாது. கட்டை வேடத்தின் கிரீடம் உயரமானது, நடிகர் சுழன்று ஆடும்போது மைக்கில் இடித்தால் மைக்கும் கெடும், வேடமும் கெடும். அதனால் கூத்து வாத்தியாரைக் கேட்டு, மிக உயரமான கிரீடத்தை ஒருவர் அணிந்து நின்று காட்டிய பிறகே கயிறு கட்டப்பட்டது. கலைஞர்களின் வசதிக்குப் பின்புதான் ஒலிக்காரரின் வசதி வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எல்லாச் சேனல்களிலும் கீழ் அதிர்வெண்களை வெட்டும் பொத்தான் அழுத்தப்பட்டது. பலகை மேடையில் சலங்கைக் கால்கள் எழுப்பும் முழக்கம் மைக் வழியாகப் போய் வூஃபரை வீணாக அசைத்துக்கொண்டிருந்தது. பெருக்கத்தின் ஒரு பகுதி அதற்கே செலவாயிற்று. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் மைக்குக்கு நேர் கீழே வந்து கத்தும்போது 10 டெசிபல் கூடும் என்பதால் அந்தச் சேனல்களின் ஃபேடரில் ஆபரேட்டரின் விரல் எப்போதும் இருக்க வேண்டும். இதைக் கருவியிடம் முழுதாக ஒப்படைக்க இயலாது.

மின்சாரமும் தூரமும்

இரவு எட்டு மணிக்கு மேல், சீரியல் விளக்குகளும் கடைகளும் எரியத் தொடங்கிய பிறகு, மேடையில் மின்னழுத்தம் 195 வோல்ட்டுக்கு இறங்கியது. டிரான்ஸ்ஃபார்மர் வகை ஆம்ப்ளிஃபயரில் உள்மின்னழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கும், 56.6 வோல்ட் கொடுத்தது 48 வோல்ட்டிலேயே நிறையும், 800 வாட் 575 வாட்டாகிவிடும். டெசிபலில் இது 1.4-தான். நம் உச்சங்கள் +16 டிபியுவில் இருந்ததால் மயிரிழையில் தப்பித்தோம். ஆம்ப்ளிஃபயருக்கும் மிக்சருக்கும் ஜெனரேட்டரிலிருந்து தனி இணைப்பு கொடுத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. மறுநாள் அப்படியே செய்தார்கள்.

பின்வரிசைக்காக உரிமையாளரின் கிடங்கில் சும்மா கிடந்த இரண்டு சிறிய பாக்ஸ்களும், டிலே (ஒலியைத் தாமதப்படுத்துவது), லிமிட்டர் (சிக்னல் ஒரு வரம்பைத் தாண்டாமல் தடுப்பது) வசதிகள் உள்ள ஒரு ஸ்பீக்கர் பிராசசரும் வெளியே வந்தன. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். மேடையிலிருந்து 5 மீட்டரில் இருப்பவருக்கும் 40 மீட்டரில் இருப்பவருக்கும் 18 டெசிபல் வேறுபாடு. அதை மேடைப் பாக்ஸ்களால் ஈடுகட்ட முயன்றால் முன்வரிசைக் குழந்தைகளின் காது என்னாவது? 30 மீட்டரில் அந்தச் சிறிய பாக்ஸ்களை நிறுத்தி, மேடை ஒலி அவ்வளவு தூரம் வர எடுக்கும் சுமார் 87 மில்லிசெகண்டோடு இன்னும் கொஞ்சம் கூட்டி 100 மில்லிசெகண்டு டிலே வைத்தோம். அதன் பிறகு மேடைப் பாக்ஸ்களை, மிக்சரைத் தொடாமல், பிராசசரிலேயே 6 டெசிபல் குறைக்க முடிந்தது.

இது சட்டத்துக்கும் தேவையாக இருந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கி வைத்திருக்கும் பொது இடத்தின் எல்லையில் ஒலியளவு அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபலுக்கு மேலோ 75 டெசிபலுக்கு மேலோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 என்பதால் எல்லையில் 65. இரவு பத்து மணிக்கு மேல் அந்த 55 என்பதே 45 ஆகிவிடும். பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் மொத்தம் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். ஒலியைப் பரப்பிக் கொடுக்கும் அமைப்புதான் இந்த எல்லைக்குள் நிற்க முடியும். ஒரே இடத்திலிருந்து அடித்துத் தள்ளும் அமைப்பால் முடியாது.

பிராசசரின் லிமிட்டர் +16 டிபியுவில் வைக்கப்பட்டது. லிமிட்டருக்கு ஆம்ப்ளிஃபயரின் குமிழ் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. யாராவது டேப்பைப் பிரித்துக் குமிழை முழுதாகத் திறந்துவிட்டால், லிமிட்டர் இருந்தும் பாக்ஸுக்குப் பாதுகாப்பு இல்லை. டேப்பை நான் அவ்வளவு வலியுறுத்தியது இதனால்தான்.

விளைவு

தீமிதி வரை மேற்கொண்டு எந்த யூனிட்டும் போகவில்லை. கூத்து இரவுகளில் மேல்யூனிட்டுகளின் பின்மூடியைத் தொட்டுப் பார்க்கையில் முன்பு கை வைக்க முடியாத சூடு இருந்தது. இப்போது வெதுவெதுப்பே இருந்தது. ஊளை முற்றிலும் நின்றுவிடவில்லை. திரைப் பக்கத்து மைக், ஒரு பாக்ஸின் பின்புறத்துக்கு மிக அருகில் இருந்ததால், திரைவிருத்தத்தின்போது சில வேளை 2500 ஹெர்ட்ஸை ஒட்டிக் கூவத் தொடங்கியது. அந்த ஒரு பட்டையை 4 டெசிபல் இறக்க வேண்டியிருந்தது. பாக்ஸை ஒரு கெஜம் முன்னால் நகர்த்தியிருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது. பந்தல் கால் அங்கே நட்டிருந்ததால் முடியவில்லை.

பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கும் திட்டத்தை உரிமையாளர் கைவிட்டார். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு சிறிய பாக்ஸ்களும் நீளமான சிக்னல் கேபிளும் வாங்கலாம் என்பது என் பரிந்துரை. கிராஃபிக் ஈக்வலைசரைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அதன் +18 வரம்புதான் இன்றும் இந்த அமைப்பின் கூரை. பிராசசரின் உள்ளீடு +20 டிபியு வரை தாங்கும். பட்டைகளைத் திருத்தும் வசதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஈக்வலைசரை ரேக்கிலிருந்தே எடுத்துவிட்டு மிக்சரை நேராகப் பிராசசரில் இணைத்தால், கூரை 2 டெசிபல் உயர்வதோடு, யாரும் பார்க்காத அந்த நடு விளக்கும் இல்லாமல் போகும். அப்படிச் செய்யும்போது ஆம்ப்ளிஃபயரின் குமிழை −18-இலிருந்து −20-க்கு இறக்கி, லிமிட்டரை +18-க்கு உயர்த்தி, 0.775 வோல்ட்டுக்கு வெளியீட்டில் 5.7 வோல்ட் வருகிறதா என்று மறுபடி அளந்து, புதிய டேப் ஒட்ட வேண்டும்.